மீன் பெட்டியில் கத்தரி

சந்திரலேகா சிரிக்காமல் சொன்னதால்தான் அதை வீட்டில் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இந்த வருசத்து மழை போவட்டும்டா. என் செடிங்க தண்ணில போயிட்டா நானும் மூட்டையக் கட்டிக்கிட்டு உங்கூட வந்துடுறேன். நின்னுட்டா, இந்தப் பேச்ச அத்தோட வுட்டுடணும்."

சித்திரை மாதம் அது. மகன் சிலம்பரசன் சிதம்பரத்தில் வீடு கட்டி, மாடியை அப்பா அம்மாவுக்கென்று காலியாக வைத்துவிட்டுக் கூப்பிட வந்திருந்தான். அவர்கள் இருந்ததோ கடலூரில், மஞ்சக்குப்பத்தைத் தாண்டிக் கெடிலத்தை ஒட்டிய பள்ளத்தில். ஐப்பசி கார்த்திகையில் ஆறு நிறைந்தால் தண்ணீர் முதலில் நலம் விசாரிக்க வருவது இவர்கள் கொல்லைக்குத்தான்.

கொளஞ்சியப்பன் மனைவியின் பந்தயத்துக்குத் தலையாட்டினார். மனதுக்குள் அந்த மாடியில் கட்டிலை எந்த மூலையில் போடுவது என்பதுவரை அவர் முடிவு செய்தாகிவிட்டது. வாழ்நாளெல்லாம் கரும்பு லோடு ஓட்டிய மனிதர். ஒரு பெருவெள்ளத்தில் லாரியோடு இழுபட்டு, சாலையோரப் புளிய மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர் தப்பியவர். அன்றிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் அவருக்கு ஆகாது. மழைக்காலத்தில் தெருமுனைக்குப் போய் டீ குடிக்கக்கூட யோசிப்பார். செடி எப்படியும் போய்விடும், கார்த்திகைக்குள் சிதம்பரம் போய்விடலாம் என்று அவர் நம்பியதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஏனென்றால் சந்திரலேகா அந்தக் கொல்லையில் இதற்கு முன் மூன்று முறை தோற்றிருந்தாள். முதல் முறை தரையில் போட்டாள், வெள்ளம் வேரோடு வாரிக்கொண்டு போனது. அடுத்து மண் தொட்டிகளில் வைத்தாள், தொட்டிகள் நீரில் மூழ்கி வேர் அழுகியது. மூன்றாவது முறை பைகளில் வளர்த்து மதில் மேல் ஏற்றினாள், புயல் அவற்றை அடுத்த தெருவுக்கு அனுப்பிவைத்தது. அந்த வருடம் தை பிறக்கும் வரை அவள் கொல்லைக் கதவைத் திறக்கவே இல்லை. சாப்பிட்டாள், துணி துவைத்தாள், பேச்சுக்குப் பதில் சொன்னாள். ஆனால் எழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது வீடு.

அவள் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டவள் இல்லை. புவனகிரியில் பிறந்து, மாமன் மகனான இவரையே கட்டிக்கொண்டு கடலூர் வந்தாள். துறைமுகத்தில் ஒரு மீன் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஐஸையும் மீனையும் அள்ளி அள்ளித் தெர்மாகோல் பெட்டியில் அடைத்து, டேப் ஒட்டி, கட்டி அனுப்ப வேண்டும். புருஷன் ரோட்டிலேயே கிடக்க, பிள்ளையை வளர்த்துப் படிக்கவைத்தது அந்த ஐஸ் பிடித்த விரல்கள்தான். குளிர் வந்தால் இப்போதும் அவை வீங்கிக்கொள்ளும். ஓய்வு பெற்ற பிறகு அவள் கேட்டது ஒன்றுதான், கைக்கெட்டும் தூரத்தில் நாலு காய்.

கடைசி வெள்ளத்தின்போது தெருவே பக்கத்து வீட்டுப் பவானியின் மொட்டை மாடியில் ஏறி நின்றது. கீழே ஒரு மீன் பெட்டி மிதந்து வந்தது, அதற்குள் பவானியின் பூனை கால் மடக்கி உட்கார்ந்திருந்தது. எல்லோரும் பூனையைப் பார்த்துச் சிரித்தார்கள். சந்திரலேகா பெட்டியைப் பார்த்தாள். அவள் அன்று பார்த்தது என்ன என்று கொளஞ்சியப்பனுக்குப் புரிய இத்தனை மாதம் ஆயிற்று.

மகன் வந்து போன மறுநாள் காலையில் அவர் பல் விளக்கக் கொல்லைக்குப் போனால், தரை முழுக்கக் கோலமாவில் கட்டம் கட்டமாகக் கோடு. எந்தக் கட்டத்தில் எத்தனை மணி வரை வெயில் விழுகிறது என்று வாரக்கணக்கில் பார்த்து வைத்திருக்கிறாள்.

"இன்னா லேகா, தேர் கட்டப் போறியா?"

"தேர் இல்ல மாமா, தெப்பம்."

அவள் விளக்கினாள். மூடியை டேப் ஒட்டி அடைத்த காலிப் பெட்டி கீழே. ஓட்டை போட்டு மண் நிரப்பிய பெட்டி மேலே. அப்படி நாலு ஜோடியைச் சேர்த்துக் கட்டினால் ஒரு தெப்பம். துணி உலர்த்த நட்டிருந்த இரும்புக் கம்பங்கள் மூன்று இருந்தன, கம்பத்துக்கு ஒரு தெப்பம். கம்பத்தில் கயிற்றை வளையம் மாதிரி தளர்வாக விட வேண்டும். தண்ணீர் ஏற ஏறத் தெப்பமும் கம்பத்தோடு ஏறும், வடிந்தால் இறங்கி அதே இடத்தில் உட்காரும். பின்சுவரில் பழைய வெள்ளம் விட்டுப்போன கறையைக் காட்டி, கம்பம் அதற்கு மேலேயும் ஒரு முழம் இருக்கிறது என்றாள்.

கொளஞ்சியப்பன் வாயில் பிரஷ்ஷோடு நின்றார். சிரிக்கலாம் என்றுதான் இருந்தது, சிரிப்பு வரவில்லை. இவ்வளவும் இவள் தலைக்குள் எப்போது நடந்தது என்று மலைப்பாக இருந்தது.

ஆனாலும் விவசாயக் குடும்பத்து ரத்தம் சும்மா இருக்குமா? மண் விஷயத்தில் தனக்குத்தான் தெரியும் என்று புவனகிரிக்குப் போனார். வெள்ளாற்றங்கரை வண்டலை மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து இறக்கினார். "இதுல குச்சிய நட்டாக்கூடத் தழையும்," என்று பெருமை வேறு. சந்திரலேகா மறுபேச்சுப் பேசாமல் ஒரு ஜோடியில் அந்த மண்ணை நிரப்பி, தண்ணீர் விட்டு ஊறவைத்தாள். இருவருமாகத் தூக்கித் துணி துவைக்கும் தொட்டியில் விட்டார்கள். ஒரு பக்கம் சாய்ந்து, குபுகுபுவென்று குமிழி விட்டுக்கொண்டு அது அடியில் போய்ப் படுத்தது.

"மண்ணு நல்ல மண்ணுதான் மாமா. கனம்தான் ஜாஸ்தி," என்றாள்.

பிறகு தென்னை நார்த்தூள், மண்புழு உரம், உமிச் சாம்பல் எல்லாம் கலந்தாள். மாமன் மனசு கோணாமல் இருக்கப் பெட்டிக்கு ஒரு கைப்பிடி வண்டலும் போட்டாள். அது மிதந்தது. மேலே ஒரு கையை ஊன்றி அழுத்தினாலும் திரும்ப எழுந்தது. கொளஞ்சியப்பன் யாரும் பார்க்காத நேரத்தில் இன்னும் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். பதினெட்டாம் பெருக்கன்று திருவந்திபுரத்தில் ஆற்றங்கரைக்குப் போய், இரண்டு முறை தன் செடிகளை அழித்த அதே கெடிலத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வந்து, அவள் விதை போட்டாள். கத்தரி, வெண்டை, மிளகாய். ஆறு பொங்கும் மாதத்தில் செடி பூவும் பிஞ்சுமாக இருக்கும் என்று தெரிந்தேதான் போட்டாள். அந்தத் துணிச்சலைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்ததும் தெப்பங்களைக் கம்பத்தில் சேர்த்தார்கள். இரண்டை அவள் கட்டினாள். மூன்றாவதற்குள் விரல்கள் வீங்கிவிட்டன. "குடு இப்புடி," என்று கொளஞ்சியப்பன் வாங்கினார். நைலான் வழுக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டு, தன் பழைய லோடு கயிற்றைக் கொண்டு வந்தார். இத்தனை வருடம் கரும்பு சரியாமல் கட்டிய கை தன் வழக்கப்படியே கட்டியது. மூன்று சுற்று, காலால் மிதித்து ஓர் இழுப்பு, மேலே ஒரு முடிச்சு.

கார்த்திகையில் ஒரு விடிகாலை தண்ணீர் வந்துவிட்டது. சத்தமில்லாமல் மதில் ஓட்டை வழியாக நுழைந்து, கொல்லையை நிரப்பி, பின்வாசல் படியில் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. கொளஞ்சியப்பன் மேல்படியில் நின்று பார்த்தார். வலது பக்கத்துத் தெப்பம் லேசாக ஒரு ஆட்டம் ஆடித் தரையை விட்டுக் கிளம்பியது. அடுத்து நடுவில் இருந்த தெப்பமும் கிளம்பியது. எட்டுப் பெட்டி, அத்தனை செடி, ஊதாப் பூக்கள், இலைக்கடியில் தொங்கும் கத்தரிப் பிஞ்சு, எல்லாம் இடம் மாறாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறின. லாரியையே தூக்கி எறிந்த தண்ணீர், இவள் கட்டிய தோட்டத்தை ஏந்திக்கொண்டு வந்தது. அவருக்குப் புல்லரித்தது.

இடது பக்கத்துத் தெப்பம் மட்டும் ஏறவில்லை.

நனைந்த கயிறு இன்னும் இறுகிக் கம்பத்தைக் கவ்விப் பிடித்திருந்தது. எழத் துடித்துத் துடித்து நடுங்கியது தெப்பம், ஆனால் நகரவில்லை. தண்ணீர் பெட்டியின் விளிம்பைத் தொட்டு, மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது. அது தன் கட்டு என்று அவருக்கு உடனே தெரிந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும் என்பதும் தெரிந்தது. நாலு பெட்டி முழுகினால், செடி நின்றது என்று அவள் சொல்ல முடியாது. சொன்ன சொல்லுக்குச் சிதம்பரம் வந்துதான் ஆக வேண்டும்.

சந்திரலேகா அடுப்படியிலிருந்து வருவதற்குள் அவர் கதவோரம் கிடந்த அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு படியை விட்டு இறங்கியிருந்தார்.

தண்ணீர் சில்லென்று தொடையில் ஏறியது, இடுப்பில் ஏறியது. ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குனிந்து கயிற்றை அறுத்தார். இரண்டு சுற்று அறுந்தது. மூன்றாவது அறுந்ததும் தெப்பம் அவர் நெஞ்சில் வந்து மோதியது. அதன் அடியில் கை கொடுத்தார். தூக்க வேண்டிய தேவையே இல்லாமல் அது தானாக அவர் கைகளின் மேல் எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. ஒரு கத்தரிப் பூ அவர் மூக்கில் உரசியது. அவர் அழுதுவிட்டார்.

"நைலான் கயித்த எடு லேகா. வளையமா போடணும் இல்ல? நீ எப்புடிப் போட்ட?"

திரும்பிப் பார்த்தார். மேல்படியில் கயிற்றோடு அவள் அசையாமல் நின்றிருந்தாள்.

"மாமா," என்றாள் மெதுவாக. "நீங்க தண்ணில நிக்கிறீங்க."

அப்போதுதான் அவர் குனிந்து தன்னைப் பார்த்தார். ஆனால் தெப்பத்தை விடவில்லை.

"வுட்டிருந்தா ஜெயிச்சிருப்பீங்க."

"எப்புடி வுட முடியும்? காய் புடிச்சிருக்குது பாரு."

இருவருமாக வளையம் போட்டு முடித்தபோது உள்ளே போன் அடித்தது. சந்திரலேகா எடுத்து வந்து படியில் நின்றபடியே, படியோரம் வந்த அவர் காதருகே பிடித்தாள்.

"அப்பா, தண்ணி வந்துட்டுதாமே. வடிஞ்சதும் வண்டி அனுப்பட்டுமா?"

"அனுப்பு," என்றார் கொளஞ்சியப்பன். அவள் முகம் ஒரு கணம் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "காலியா அனுப்பாத. அங்க அன்னங்கோயில் மீன் துறையில பெட்டி கெடைக்குமில்ல, வண்டி கொள்ற வரைக்கும் ஏத்தி அனுப்பு. அம்மாவுக்கு இன்னும் நாலு தெப்பம் கட்டணும்."