மாப்பிள்ளை ரிப்பேர் செய்த ஃபேன்

இந்தத் தீபாவளிக்கு எங்கள் மாப்பிள்ளை எனக்கு ஒரு பெரிய உதவி செய்தார். அதனால் என் தூக்கம் போயிற்று.

அவசரப்பட்டு அவரைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். தங்கமான பையன். மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் வைத்திருக்கும் குடும்பம். ஆவணியில் கல்யாணமாகி, தலை தீபாவளிக்கு என் மகள் கமலாவோடு ஸ்ரீரங்கத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சு மட்டும் குறைவு. இஞ்சின் சத்தத்தில் பேசி என்ன பிரயோஜனம் என்று சின்ன வயதிலேயே விட்டுவிட்டாரோ என்னவோ! 'சாப்பிடுங்க மாப்பிள்ளை' என்றால் தலையாட்டுவார். 'போதுமா?' என்றாலும் தலையாட்டுவார்.

வந்த அன்று நான் திருச்சியில் ஆபீஸில் இருந்தேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். கூடத்தில் என் டேபிள் ஃபேன் கண்ணில் பட்டிருக்கிறது.

அந்த ஃபேனைப் பற்றி இரண்டு வார்த்தை. நயா பைசா வந்த புதிதில், காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது. ஓடும்போது கடகடவென்று ஒரு சத்தம். அதற்கு அடியில் கிர்ரென்று இன்னொன்று. கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் ஒரு முனகல்.

சாயங்காலம் வீடு திரும்பினால் வாசலிலேயே கமலா.

"அப்பா, வந்து பாருங்களேன்! அவர் உங்க ஃபேனை ரிப்பேர் பண்ணிட்டாருப்பா. இப்ப ஓடுறதே தெரியல!"

ஸ்விட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றியது. காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. சத்தம்? இல்லை... துளிகூட இல்லை. தொலைந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் என்கிறீர்களா? என் காதுக்குள் ஒரு சத்தம் இருக்கிறது. வெளியே யாருக்கும் கேட்காது. எனக்கு மட்டும் ஓயாமல் கேட்கும். சில வருஷங்களுக்கு முன் மலேரியா வந்து, கொய்னா மாத்திரையாக விழுங்கித் தள்ளினேன். ஜுரம் போயிற்று, சத்தம் வந்தது. கொய்னாவா, ஜுரமா, என் தலையெழுத்தா — யாருக்கும் தெரியவில்லை. திருச்சி டாக்டர் ஒருவர் டார்ச் அடித்துக் காதுக்குள் பார்த்துவிட்டு, "காது க்ளீனா இருக்கு சார். பழகிக்குங்க" என்றார். பழகிக்கொள்வதற்கு அது என்ன, புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரரா?

நிஜப் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பெரியவர். "ஸ்வாமி, இது வியாதியா? பாஞ்சஜன்ய நாதமாக்கும்! தேவரீருக்கு என்ன பாக்யம்!" என்று கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டார். பெருமாள் சங்கு ஊதட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கமாட்டாரா?

பகலில் சமாளித்துவிடுவேன். மெயின்கார்டு கேட் பஸ் இரைச்சல், ஆபீஸில் டைப்ரைட்டர்கள், மேனேஜரின் கத்தல்... எல்லாமே எனக்கு ஒத்தாசை. ராத்திரிதான் வினை. கோயில் நடை சாத்தி, வீதி அடங்கியதும், அது வந்து உட்கார்ந்துகொள்ளும். சீட்டியா சில்வண்டா என்று பிரித்துச் சொல்ல முடியாத, ஒரே நீளமான 'ஈஈஈ...' புரண்டு படுத்தாலும் விடாது. தலையணையைக் காதில் அழுத்தினால் இன்னும் உற்சாகமாகிவிடும்.

அப்போது வந்து சேர்ந்ததுதான் அந்த ஃபேன். அதன் கடகடப்பில் காதுச் சத்தம் எங்கேயோ அமுங்கிப்போயிற்று. வாங்கிய அன்றே அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். அதற்குப் பிறகு ஒரு ராத்திரிகூட அது இல்லாமல் படுத்ததில்லை.

மார்கழிக் குளிரில் கழுத்து வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஃபேன் போடும் மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? என் மனைவி ருக்மணி பார்த்திருக்கிறாள். உஷ்ண உடம்பு என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். காலையில் வெந்தயம், மத்தியானம் நீர்மோர், ஓயாமல் எண்ணெய்க் குளியல்! காதில் 'கொஞ்சம் சத்தம்' என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். எவ்வளவு என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. ஜுரம் என்றால் தொட்டுப் பார்க்கலாம். காதுக்குள் இருக்கும் சத்தத்தை இன்னொருவரிடம் எப்படிக் காட்டுவது?

சரி, மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டியதுதானே? நன்றாகச் சொன்னீர்கள் போங்கள்! தலை தீபாவளி மாப்பிள்ளை காபியில் உப்பைப் போட்டு நீட்டினால்கூட, 'பேஷ்' என்று குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைக்கிற ஊர் இது. போதாக்குறைக்கு, கல்யாணத்தின்போது எங்கள் சொந்தக்காரர் ஒருவர், "காலேஜ் வாசல் மிதிக்காத மில்லுக்காரன்தான் கிடைச்சானா?" என்று கமலாவின் காதுபடவே கேட்டிருந்தார். இப்போது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா என்ன சொல்லப்போகிறார்?

"பிரமாதம் மாப்பிள்ளை!" என்றேன்.

அவர் தலையாட்டினார். கமலா பூரித்துப்போனாள். எனக்கு அன்று பொட்டுத் தூக்கமில்லை. மறுநாள் ஆபீஸில் ஃபைல் மேலேயே தலை சாய்ந்துவிட்டது.

பொறுக்க முடியாமல், அடுத்த நாள் காலையில் எல்லோரும் காபியில் மும்முரமாக இருந்தபோது ஃபேனில் ஒரு ஸ்க்ரூவை நைசாகத் தளர்த்தினேன். கட... கட... ஆஹா, என்ன சங்கீதம்! சாயங்காலம் வந்து பார்த்தால் மறுபடி மௌனம். மாப்பிள்ளை முடுக்கிவிட்டிருந்தார். இந்தத் தடவை கிரீஸ் வேறு. இயந்திரத்தில் சத்தம் கேட்டால் மில்லுக்காரர் சும்மா இருப்பாரா?

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம். ருக்மணியும் கமலாவும் அடுப்படியில் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மாடியில் தூங்குகிறார் என்று நம்பி, ஃபேனைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூவை முழுசாகவே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நிமிர்ந்தால்... எதிரே மாப்பிள்ளை!

"மாமா... அந்த ஸ்க்ரூ..."

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. சும்மா... எப்படி முடுக்கியிருக்கீங்கன்னு பாத்தேன்."

அவர் ஃபேனைப் பார்த்தார். என் பையைப் பார்த்தார். தூக்கமில்லாமல் சிவந்துகிடந்த என் கண்ணைப் பார்த்தார்.

"மாமா, உங்களுக்குக் காதுல சத்தம் கேக்குதுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்க அப்பாவுக்கும் இருக்குங்க. மில்லு ஓடுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அமாவாசைக்கு மில்லு லீவு. அன்னிக்கு விடிய விடிய வீட்டுக்குள்ளயே நடப்பாரு. இப்பல்லாம் அமாவாசைன்னா நெல்லைப் போடாம வெறும் இஞ்சினை மட்டும் ஓட விட்டுருவோம், அவர் கண்ணசர்ற வரைக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் ஃபேனைத் தொட்டே இருக்கமாட்டேனே மாமா!"

கல்யாணமானதிலிருந்து அவர் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது. அதுவும் மில் குரல். அடுப்படியிலிருந்து இருவரும் மாவுக் கையோடு ஓடிவந்துவிட்டார்கள்.

"எந்த மாதிரி சத்தம் மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

யோசித்துப் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் யாருமே என்னை அப்படிக் கேட்டதில்லை. 'ஈஈ' என்று பாடிக் காட்டப் பார்த்தேன், குரல் எட்டவில்லை. கமலா கையைத் துடைத்துக்கொண்டு ஹார்மோனியத்தை இழுத்துவந்தாள். பெண் பார்க்க வந்தபோது வாசித்ததோடு தூசி படிந்துகிடந்த பெட்டி. ஒவ்வொரு கட்டையாக அழுத்தினாள்.

"இதாப்பா?"

"இன்னும் மேல."

"இது?"

"இன்னும் மேலம்மா..."

வலது கோடிக்கே வந்துவிட்டாள். "அதேதான்! அதைப் பிடி, விடாதே!" என்று கத்தினேன்.

கமலா துருத்தியை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். கூடம் முழுவதும் அந்தக் கீச்சல். கொஞ்ச நேரம்தான். ருக்மணி மாவுக் கையாலேயே காதைப் பொத்திக்கொண்டு, "போதும்டி, நிறுத்து! பல்லெல்லாம் கூசுது" என்றாள்.

கமலா நிறுத்தினாள். வீடு கப்பென்று அடங்கியது.

"அப்பாடா!" என்ற ருக்மணி, சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு?"

"எனக்கு இன்னும் நிக்கல" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இதையா 'கொஞ்சம் சத்தம்'னு சொன்னீங்க? நான் பாட்டுக்கு வெந்தயமா போட்டுக் கொடுத்துட்டு இருந்தேனே!" என்று சொல்லி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். கன்னத்தில் மாவு அப்பியிருந்தது. சத்தம் இம்மியும் குறையவில்லை. ஆனால் என் காதுக்குள் இருந்ததை வீட்டில் எல்லோரும் ஒரு தடவை கேட்டுவிட்டார்கள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு!

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் கூத்து. மாப்பிள்ளை பிஸ்கட் டின்னை வெட்டி, தகட்டுத் துண்டுகளை ஃபேன் கூண்டில் மாட்டினார். "இது போதுங்களா மாமா? இன்னும் கொஞ்சம் கரகரப்பு வேணுமா?" கமலா ஒரு பக்கம் தகட்டை வளைத்துக் கொடுத்தாள். ருக்மணிதான் கடைசி வரை திருப்திப்படவில்லை.

"கழுத்தைத் திருப்பும்போது ஒரு முனகல் முனகுமே மாப்பிள்ளை! அது வரலியே!"

இந்த முனகலைச் சகிக்காமல், 'ஃபேனைத் தூக்கிக் கொள்ளிடத்தில் போடுங்கள்' என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தவள் இவள்தான். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முனகலும் வந்துவிட்டது. ஏதோ கச்சேரி களைகட்டிய மாதிரி நாலு பேரும் கைதட்டினோம்.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதலில் எழுந்திருப்பவன் நான்தான். ஃபேன் கடகடப்பில் எப்படித் தூங்கினாலும் அன்று மட்டும் தானாக விழிப்பு வந்துவிடும். இருட்டோடு எல்லோரையும் எழுப்பி, மனையில் உட்காரவைத்து, முதல் சொட்டு எண்ணெயைத் தலையில் வைப்பதும் நான்தான். அதற்குப் பிறகுதான் குளியல், புதுத் துணி, வெடி எல்லாம்.

இந்தத் தீபாவளியன்று நான் கண்ணைத் திறந்தபோது முகத்தில் சுள்ளென்று வெயில்! பதறி எழுந்து வாசலைப் பார்த்தேன். வீதி நிறைய வெடிக் காகிதம். ஊரே வெடித்துத் தீர்த்திருக்கிறது. எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. கூடத்து மனையில் மாப்பிள்ளை நேற்றைய வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆறிப்போன எண்ணெய்க் கிண்ணம், பிரிக்காத சரவெடி. கமலா சுவரில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தாள்.

"தலை தீபாவளியும் அதுவுமா மாப்பிள்ளையை இப்படியா காக்க வைக்கறது? என்னை எழுப்பக் கூடாது?" என்று ருக்மணியிடம் எரிந்து விழுந்தேன்.

"எழுப்பத்தாங்க வந்தேன். அவர்தான் விடல. மாமா தூங்கட்டும், தீபாவளி எங்க ஓடிடப் போகுதுன்னுட்டார்."

மாப்பிள்ளை வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு, எண்ணெய்க்காக அதே தலையைக் குனிந்து காட்டினார்.

ஸ்ரீரங்கத்தில் அன்று கடைசியாக வெடித்த சரவெடி எங்களுடையதாகத்தான் இருக்கும் — அதையும் என் காதுக்காக வீதிமுனை வரை எடுத்துப்போய்க் கொளுத்தினார், காலேஜ் வாசல் மிதிக்காத எங்கள் மாப்பிள்ளை.