இருநூற்று நாற்பது மில்லி

கூட்டேரிப்பட்டுப் பக்கத்து மேல்நிலைப் பள்ளிக்கு பானுப்ரியா வேதியியல் நடத்த வந்து பதினோரு வருடம். வருடா வருடம் அதே கணக்கு: நூறு கிராம் சுண்ணாம்புக்கல்லில் அமிலம் ஊற்றினால் இருபத்துநான்கு லிட்டர் வாயு. பலகையில் எழுதுவார், அழிப்பார். ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை. ஆய்வகத்துக்குத் தண்ணீர் வந்ததே போன வாரம்தான். விழுப்புரத்தில் நடந்த பயிற்சியிலும் வீடியோதான் காட்டினார்கள். இந்தக் கணக்கு உண்மையிலேயே பலிக்குமா என்று அவருக்கே உள்ளூர ஒரு சந்தேகம். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று பதினொன்றாம் வகுப்பில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஒரு கிராம் போட்டா இருநூத்தி நாப்பது மில்லி வரும். வரலைன்னா வெள்ளிக்கிழமை டெஸ்ட் கிடையாது."

சுண்ணாம்புக்கல் பொடி இருந்த புட்டியைத் திறந்தால் காலி. "எங்க வீட்டுக் கோலமாவும் அதாங்க மிஸ்," என்று பள்ளிக்குப் பின்னால் குடியிருக்கும் சங்கவி ஓடிப்போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள்.

எடை போட்டு அமிலத்தில் கொட்டியதும் நுரைத்துக்கொண்டு கிளம்பியது பாருங்கள், பானுப்ரியாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கவிழ்த்து வைத்த அளவுச் சாடியில் வாயு ஏறத் தண்ணீர் இறங்கியது. வகுப்பே சேர்ந்து எண்ணியது. நூறு. நூற்றுப்பத்து. நூற்றுப்பதினெட்டில் நின்றுவிட்டது.

"டெஸ்ட் போச்சு," என்றான் சேரன் நிதானமாக.

அவருக்கு முகம் சுண்டிப்போனது. பதினோரு வருடமாகப் பொய்யா சொல்லிக்கொடுத்தோம்? சாடியையே முறைத்துக்கொண்டு நின்றவருக்குச் சட்டென்று உறைத்தது. கணக்கு சரியென்றால், மாவில் பாதி வேறு எதுவோ.

"ஒங்க வீட்ல இதுல என்ன கலக்கறாங்க சங்கவி?"

"ஒண்ணும் இல்லீங்க மிஸ்."

பொட்டலத்தில் மிச்சமிருந்த மாவில் இரண்டு சொட்டு அயோடின் விட்டார். மாவு கருநீலமாகிவிட்டது. மாவுச்சத்து இருந்தால்தான் அந்த நிறம் வரும். "பாதிக்குப் பாதி அரிசிமாவு," என்றார்.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போன சங்கவி மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "எறும்பு திங்கட்டும்னு அம்மா கிலோவுக்குக் கிலோ அரிசிமாவு கலந்து வச்சிருக்குது மிஸ். எனக்கே தெரியாது. மிஸ்ஸுக்கு எப்படித் தெரியும்னு கேட்டுக்கினே இருக்குது."

பானுப்ரியாவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. அடக்கப் பார்த்தும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இருந்தாலும் சொன்ன இருநூத்தி நாப்பது வரலீங்களே மிஸ்," என்றான் சேரன்.

"வரலைதான். டெஸ்ட் கிடையாது. வெள்ளிக்கிழமை எல்லாரும் அவங்கவங்க வீட்டுக் கோலமாவு எடுத்துக்கினு வாங்க. என்ன கலந்திருக்குதுன்னு மட்டும் கேட்டுக்கினு வராதீங்க. நான் சொல்றேன்."