ஏலக்காய்க் களத்தில் நாற்பது நாள் வசவு

என் மனதைத் திடப்படுத்துவதற்காக நாற்பது நாள் என்னைத் திட்டினார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இப்போது இறகுப்பந்து ஆடுகிறவர்களுக்கு மனப்பயிற்சி கொடுக்கத் தனியாக நிபுணர்கள் வந்துவிட்டார்களாம். கண்ணை மூடு, மூச்சை இழு, ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள் என்கிறார்களாம். கொடுத்து வைத்தவர்கள். ஐம்பதுகளில் போடியில் எனக்குக் கிடைத்த நிபுணர்கள், சுளகை மடியில் வைத்துக்கொண்டு ஏலக்காய் பொறுக்கும் பதினாலு பெண்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பள்ளிப் படிப்பு முடித்து நாலு வருஷமாகியும் வேலை இல்லை. ஜவுளிக்கடையில் நின்று சம்பாதித்த அண்ணன் வீட்டில் மூன்று வேளையும் தவறாமல் ஆஜராகிக்கொண்டிருந்தேன். மதினி ஒன்றும் சொல்ல மாட்டார். சோற்றுப் பானையைத் தரையில் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் சத்தம் கேட்கும். அண்ணன் ஒரே ஒரு தடவை, அதுவும் வேறு எதற்கோ வந்த கோபத்தில், "தண்டச்சோறு" என்று சொல்லிவிட்டான். பிறகு மூன்று நாள் என் முகத்தைப் பார்க்காமல் சுற்றினான். சொன்ன அவனே மறந்திருப்பான். எனக்குத்தான் ஒவ்வொரு கவளத்திலும் அந்த வார்த்தை கல்லாகக் கடிபட்டது.

இந்த நிலையில்தான் மலை மேல் ஒரு ஏலத் தோட்ட ஆபீசில் குமாஸ்தா வேலை காலியானது. மனுப் போட்டவர்களில் கடைசியாக மிஞ்சியது இரண்டு பேர்: நானும், கோட்டயம் பக்கத்துப் பையன் ஒருவனும். கணக்கு, கையெழுத்து, இங்கிலீஷ் எல்லாம் இருவருக்கும் ஒரே மாதிரியாம். தோட்டத்துத் துரைக்கு இறகுப்பந்து என்றால் உயிர். அவருடைய கிளப்புக்கு ஆட நல்ல ஆளும் தேவைப்பட்டது. இருவரும் ஆடுவோம் என்று மனுவில் எழுதியிருந்தோம். "வந்து ஆடுங்கள், ஜெயித்தவருக்கு நாற்காலி" என்று கடிதம் போட்டுவிட்டார். பேரேடு எழுதுவதற்கும் இறகுப்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தாலும், அந்தச் சேதி மலையேறி அங்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

நான் ஆடப் பழகியது ஓர் ஏலக்காய் வியாபாரியின் சரக்குக் கிட்டங்கிக் களத்தில். ஊரே அவரை முதலாளி என்றுதான் கூப்பிடும். மலை மெட்டிலிருந்து இறங்குகிற காற்று திறந்த வெளியில் இறகுப்பந்தைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடும் என்பதால், நாலு பக்கமும் உயர்ந்த சுவர் வைத்த அந்தச் சிமெண்டுக் களம்தான் எங்களுக்கு மைதானம். சுண்ணாம்பால் கோடு போட்டு, விடிந்ததும் ஆட ஆரம்பித்து, காய் கொட்ட ஆள் வந்ததும் வலையைச் சுருட்டிக்கொண்டு ஓடுவோம்.

முதலாளியும் ஒரு காலத்தில் ஆட்டக்காரர். மதுரையில் ஒரு போட்டியில் அவர் ஆடிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் ஒருவன், "மூட்டை உருளுது பாருங்கடா!" என்று கத்தியிருக்கிறான். இவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "எவன்டா அவன்?" என்று திரும்பியிருக்கிறார். பந்து தலைக்கு மேல் போய் விழுந்தது. ஆட்டமும் போயிற்று. அன்றிலிருந்து அவருக்கு ஒரு சித்தாந்தம். போட்டிக்கு நாற்பது நாள் இருக்கும்போது துரையின் கடிதத்தை நான் காட்டியதும் அதை எடுத்துவிட்டார்.

"ஒடம்புக்குத் தண்டால், மனசுக்கு வசவு. மலையில அம்புட்டுப் பேரும் அந்தக் கோட்டயத்துப் பைய பக்கந்தான் நிப்பான். ஊளையிடுவான், விசிலடிப்பான். அதுக்கு இங்கயே காது மரத்துப் போயிரணும் ஒனக்கு."

மறுநாள் காலை ஏழு மணிக்கே காய் பொறுக்கும் பெண்களை வரச்சொல்லி, களத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார வைத்தார். "கை பாட்டுக்குக் காயைப் பொறுக்கட்டும், வாய் பாட்டுக்கு இவனை ஏசட்டும்" என்று உத்தரவு. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குத் தலைவி மாதிரி ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அத்தை. "சும்மா இருக்கிற புள்ளைய எப்படி மொதலாளி ஏசுறது? கோவம் வந்தாத்தான வாய் வரும்? அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார்.

அந்தத் தயக்கம் ஒரு நாள்தான் நீடித்தது. இரண்டாம் நாள் எங்கிருந்துதான் வந்ததோ அந்த அருவி! "ஏண்டி, அது மட்டையா சல்லடையா? அம்புட்டும் ஓட்டை வழியாப் போகுது!" என்றாள் ஒருத்தி. "காலை எடுத்து வையிய்யா, களத்துலயே மொளைச்சிரப் போற!" என்றாள் இன்னொருத்தி. என் மூக்கு, என் நடை, என் அரைக்கால் டவுசர், அதற்குள்ளிருந்த குச்சிக் கால்கள் என்று ஒன்று பாக்கியில்லை. அடிக்க வேண்டிய பந்தை விட்டுவிட்டு டவுசரை இழுத்து விட்டுக்கொண்டேன்.

இன்னொரு விஷயத்தையும் முதலாளி கண்டுபிடித்தார். வாய் ஓடினால் கையும் ஓடுகிறது. என்னைத் திட்டத் தொடங்கிய பிறகு சாயங்காலம் வரை பொறுக்குகிற காய் மத்தியானத்துக்குள் முடிந்தது. என் மனப்பயிற்சியில் அவருக்கு அக்கறை பெருகியதன் ரகசியம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது.

பத்து நாளில் எனக்குக் காது மரத்துவிட்டது. மூக்கைச் சொன்னால் சிரித்தேன். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. வேலை என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் ஒழுங்காகச் செய்கிற மனுஷி அவர். அன்று ஆட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, வைத்தியர் மாதிரி விசாரித்தார்.

"அப்பு, ஒன்னைய எதைச் சொன்னா வலிக்கும்?"

"ஒண்ணும் வலிக்காது அத்தை."

"பொய் சொல்லாத. வலிக்காத மனுசன் உண்டா? சொன்னாத்தான எனக்கும் சோலி நடக்கும்?"

புத்திகெட்டுப்போய்ச் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் நான் கையை ஓங்கி அடிக்கப் போகும் நேரம் பார்த்து, "ஏ தண்டச்சோறு!" என்று ஒரு குரல் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. பந்து என் தலையிலேயே விழுந்தது. மற்ற பதிமூன்று பேரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்காமல், "ம், இன்னொருக்கா அடி" என்றார்.

முப்பது நாள் அதே வார்த்தை. முதல் வாரம் கேட்கும்போதெல்லாம் பந்தைக் கோட்டைவிட்டேன். இரண்டாம் வாரம் ஆத்திரம் வந்தது. பிறகு ஒரு நாள் அது வெறும் சத்தமாகிவிட்டது. அத்தை "தண்டச்சோறு" என்று கத்தினால்தான் என் கை நன்றாக ஓங்கியது. வண்டிமாட்டுக்குத் தார்க்குச்சி போல அது எனக்குப் பழகிவிட்டது. "இனி ஒன்னைய ஊரே சேந்து ஏசினாலும் அசைக்க முடியாதுடா" என்று முதலாளி முதுகில் தட்டினார். நானும் நம்பினேன்.

போட்டியன்று முதலாளியின் லாரியில் மலையேறினோம். தோட்டத்தில் காய் பார்த்து வாங்குவதற்காக அத்தையும் வந்தார். முதலாளி வழியெல்லாம், "எவ்வளவு கத்துனாலும் திரும்பாத, திரும்பாத" என்று ஓதிக்கொண்டே வந்தார்.

கிளப்புக்குள் நுழைந்தேன். மெழுகு போட்ட மரத் தரை. சுற்றிலும் பிரம்பு நாற்காலிகளில் துரைமாரும் துரைசானிமாரும். ஆட்டம் தொடங்கியது. ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! இருமல் வந்த ஒருவரைப் பட்லர் முறைத்த முறைப்பில் அவர் இருமலை விழுங்கிவிட்டார். யார் புள்ளி எடுத்தாலும் இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டினார்கள். ஐயா, எழவு வீட்டில்கூட நாலு பேர் பேசிக்கொள்வார்கள்!

நாற்பது நாள் சந்தை இரைச்சலில் பழகிய காதுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. என் மூச்சு எனக்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் கேட்டது. தண்டச்சோறு. அத்தை குரல் இல்லை, அண்ணன் குரலும் இல்லை. என் குரல். முதல் ஆட்டத்தைப் பதினைந்துக்கு நாலு என்று தூக்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது ஆட்டத்தில் வேறு வழி தெரியாமல், அத்தை மாதிரியே என்னை நானே உதட்டுக்குள் ஏசிக்கொண்டேன். "அடிடா சல்லடை! காலை எடுத்து வைடா!" கை ஓங்கத் தொடங்கியது. இரண்டாவது ஆட்டம் எனக்கு. எதிரே நின்றவனும் லேசுப்பட்டவன் இல்லை. அவனுக்கும் அது பிழைப்பு. மூன்றாவது ஆட்டத்தில் அவனுக்குப் பதினாலு, எனக்குப் பதிமூன்று, பந்து என் கையில்.

எனக்கு வசவு தீர்ந்துபோயிற்று. உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே, லாரிக்காரர்களோடு அத்தை நின்றார். 'ஒரு வார்த்தை கத்து அத்தை. பட்லர் அடித்தாலும் பரவாயில்லை, கத்து' என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

அத்தை கத்தவில்லை. கண்ணை இறுக மூடி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வாய் மட்டும் அசைந்தது. தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடியும் கும்பிட்டார். எனக்காக.

நாலு வருஷத்தில் எனக்காக யாரும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. நான் போட்ட பந்து வலையில் விழுந்தது. அந்தக் காலத்து விதிப்படி அதற்குப் புள்ளி இல்லை, பந்து போடும் முறை மட்டும் அவனுக்குப் போயிற்று. அவன் போட்ட பந்து உயரமாக, சாவகாசமாக, குழந்தை அடிக்கிற மாதிரி வந்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்து, எனக்கு ஒரு பந்து இரண்டாகத் தெரிந்தது. இல்லாத பந்தை ஓங்கி அடித்தேன். எல்லோரும் இரண்டு விரலால் தட்டினார்கள். துரை என் கையைக் குலுக்கி, பிரமாதமாக ஆடினாய் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, நாற்காலியை அவனுக்குக் கொடுத்தார்.

லாரி இறங்கியது. முதலாளி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, பயிற்சி நாற்பது நாள் போதாது, அறுபது நாள் வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நானும் அத்தையும் பின்னால் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தோம். நாலைந்து வளைவு தாண்டிய பிறகு கேட்டேன்.

"ஒரு வார்த்தை ஏசியிருக்கக் கூடாதா அத்தை?"

"கிறுக்கா ஒனக்கு? களத்துல ஏசினது வெளையாட்டு. இன்னிக்கு நீ பொழப்புக்குல்ல நின்ன? பொழப்புக்கு நிக்கிற புள்ளைய ஏச எவளுக்கு வாய் வரும்?" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எங்க குலசாமியத்தான் கூப்பிட்டேன் அப்பு. நான் கும்பிட்ட நேரம் சரியில்ல போலருக்கு. பலிக்கலையே."

அந்தக் கும்பிடுதான் என்னைத் தோற்கடித்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அத்தைக்கு நான் அதைக் கடைசிவரை சொல்லவில்லை. "சாமிக்குக் கண்ணில்ல அத்தை" என்று பழியைத் தூக்கிச் சாமி தலையில் போட்டேன்.