மாமாவின் இரண்டு தட்டு

என் மாமா, அம்மாவின் அண்ணன், பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். "தடம் எண் பதினேழு, மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்று ஒலிபெருக்கியில் கேட்கிறதே, அந்தக் குரலின் சொந்தக்காரர். ஆளைப் பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் டீக்கடையில் இருப்பவர்கள்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். வீட்டில் அவர் உப்பு கேட்டால் பக்கத்துத் தெருவிலிருந்து வரும். பேசுவதற்கு முன், மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதுபோல, எதையாவது இரண்டு தட்டு தட்டுவார். மேசை, சுவர், அதுவும் எட்டாவிட்டால் என் மண்டை.

அந்தக் குரலை அச்சு அசலாகப் பேசிக் காட்டுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே கலை. பள்ளிக்கூடம் என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டதும் அந்தக் கலையால்தான்.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும் என்றார் மருத்துவர். மாமா தலையாட்டிவிட்டு, வரும் வழியில் ஒரு கடைக்குள் நுழைந்து, அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே இரண்டு கினிப்பன்றிக் குட்டிகள், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில், நடுங்கிக்கொண்டு.

"என்னண்ணா, இந்த நேரத்துல பன்னியப் புடிச்சுட்டு வந்திருக்கே?" என்றாள் அம்மா.

மாமா பெட்டியை இரண்டு தட்டு தட்டினார். "பேருதான் பன்னி. உன் புள்ளையக்கூடத்தான் தங்கம்னு கூப்பிடுறே. அடகு வைக்க முடியுதா?"

அந்தச் சத்தத்தில் குட்டிகள் ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று புகுந்துகொண்டன. மாமாவின் முகம் சுருங்கிப்போனது.

கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்: உடனே தூக்கக் கூடாது. மேலிருந்து கை நீட்டினால் பருந்து என்று பயந்துவிடும். ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். பக்கத்தில் இருந்து மெதுவாகப் பேசினால், குரல் பழகி, தானே வரும்.

செருப்புப் பெட்டியில் வாசல் வெட்டிக் கூண்டுக்குள் வைத்தோம். உள்ளே காய்ந்த புல்லைப் பரப்பினோம். மாமா தரையில் குப்புறப் படுத்து, விரலால் மெல்ல இரண்டு தட்டு தட்டி, அறிவிப்பைத் தொடங்குவார். ஊரையே எழுப்பிய குரல் அப்போது பஞ்சுபோல வந்தது. குட்டிகளுக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான் என்பதுபோல எல்லாத் தடத்தையும் சொல்லி முடிப்பார்.

சில நாளில் வாசலில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு கீச்சென்று ஒரு விசில். விசில் அடிப்பதற்குக் கண்டக்டர் என்றும், முன்னால் ஓடுவதற்கு டிரைவர் என்றும் பெயர் வைத்தார். மாமாவின் கையிலிருந்த வெள்ளரித் துண்டை டிரைவர் வந்து கடித்தபோது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே போனது.

"தப்புப் பண்ணிட்டேன்டா," என்றார்.

"என்ன மாமா?"

"போற குரலப் போய்ப் பழக்கிட்டேனே. திரும்பி வந்தா யாரோ ஒருத்தன்னு ஒளிஞ்சுக்கும்."

"நான் பின்னாடி நின்னு பேசுறேன். நீங்க வாய மட்டும் அசைங்க."

"ம். உன் பொழப்பே அதானே."

அவர் சிரிக்கவில்லை. நானும் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது புல்லும் தண்ணீரும் என் பொறுப்பு. என் சொந்தக் குரல் அதுகளுக்குப் பழகிவிடக் கூடாதென்று கூண்டருகே நான் வாயைத் திறக்கவில்லை. என் நாக்குக்கு அது பெரிய விரதம்.

கழுத்தில் வெள்ளைத் துணியோடு மாமா வீட்டுக்கு வந்தார். யாரையும் பார்க்காமல் நேரே கூண்டருகே போய், சிரமப்பட்டுப் படுத்தார். வாய் அசைந்தது. காற்றுதான் வந்தது. குட்டிகள் செருப்புப் பெட்டிக்குள் அப்படியே உறைந்திருந்தன.

அம்மா என்னைப் பார்த்தாள். பேசுடா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். தொண்டையைச் செருமினேன். மாமா திரும்பாமலே கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

மறுபடி ஆரம்பிக்க நினைத்தார் போலிருக்கிறது. விரல் பழக்கத்தில் தரையைத் தட்டியது. இரண்டு தட்டு.

கீச்.

கண்டக்டர்தான். செருப்புப் பெட்டி ஆடியது. முதலில் டிரைவரின் மூக்கு, பின்னாலேயே இன்னொரு மூக்கு. இரண்டும் அவர் விரலை மோந்து பார்த்தன.

மாமா கன்னத்தைத் தரையில் வைத்து, உதட்டை மட்டும் அசைத்தார். தடம் எண் பதினேழு. அறையில் சத்தமே இல்லை. எனக்குக் கேட்டது.