மொத்தமும் போச்சு

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கம்பம் பள்ளத்தாக்கில் எந்தத் திராட்சை விவசாயியைக் கேட்டாலும் "மொத்தமும் போச்சு" என்பார். நிவாரணம் வேண்டியவர் பாதி போச்சு என்று சொல்வதில்லை. தேனியில் பத்திரிகை வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை அப்படியே எழுதித் திட்டு வாங்கியிருக்கிறேன். பிறகு, கேட்டதில் பாதியைத் தள்ளிவிட்டு எழுதப் பழகினேன்.

என் அண்ணன் பேச்சிலும் அப்படித்தான் தள்ளினேன்.

உத்தமபாளையம் பக்கம் அவருக்கு மூன்று ஏக்கர் திராட்சை. மழைக்கு மறுநாள் போனில், "மொத்தமும் போச்சுடா. ஒண்ணுமே மிஞ்சல" என்றார்.

"எத்தன பந்தல்ணே?"

"பத்திரிகைக்காரன் புத்தி போகுதா பாரு."

அடுத்தடுத்த நாட்களிலும் கூப்பிட்டார். எப்பவுமே இப்படித்தான் என்றார். யாருக்குமே நான் பிரயோசனமில்ல என்றார். பயிர்ச் சேதத்தின் எரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் மதினி போனில் பேசினார். "தம்பி, உங்க அண்ணன் நாளைக்கிங்கிற பேச்சையே விட்டுட்டாக. நாளைக்கி மருந்தடிக்கணும், நாளைக்கி ஆள் வரணும்னு ஓயாமச் சொல்றவுக. இப்ப கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்கறாக."

அன்றே தோட்டத்துக்குப் போனேன். ஓரத்தில் இரண்டு வரிசையில்தான் பழம் வெடித்திருந்தது. மற்ற பந்தல்களில் கொத்துக் கொத்தாக, கெடாமல் தொங்கியது. என்னால் அங்கே ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பத்து நாளாக அவர் சொன்னது தோட்டத்தைப் பற்றி அல்ல.

அண்ணன் மோட்டார் அறைப் படியில் உட்கார்ந்திருந்தார். மழை, வியாபாரி, விலை என்று சுற்றி வளைத்துப் பார்த்தேன். கடைசியில் நேராகவே கேட்டேன்.

"செத்துப்போகணும்னு தோணுதாண்ணே?"

தரையைப் பார்த்தபடியே, "தோணுது" என்றார்.

தோட்டத்தில் இருந்த பூச்சிமருந்து டப்பாக்களை மதினி பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் அண்ணனைப் பைக்கில் ஏற்றித் தேனிக்கு, மனநல மருத்துவரிடம் கூட்டிவந்தேன். வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்தி, அவர் சரியாக உட்கார்ந்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

அண்ணனிடம் தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவர் என்னை வெளியே அனுப்பினார். வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். மதினி போன் செய்தார்.

"உள்ள என்ன தம்பி நடக்குது?"

"பேசிக்கிட்டு இருக்காக மதினி."

"யாரு, டாக்டரா? இவுக பேசுறாகளா?"

கதவருகே போய் நின்றேன். அண்ணன் குரல்தான். தாழ்ந்து, நின்று நின்று வந்தது. என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை.

"பேசுறாக" என்றேன்.