ஐஸ் வைக்காத ரத்தம்

அந்த வட்டாரத்து கிளினிக்குகளில் அவருக்குப் பெயரே ஐஸ்பெட்டிதான். நோயாளிகளிடம் எடுத்த ரத்தத்தை வாங்கி, பைக்கின் பின்னால் கட்டிய பெட்டியில் ஐஸுக்கு நடுவே வைத்து, பெரிய லேப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. தன் மண்டை காய்ந்தாலும் காயலாம், பெட்டிக்குள் குளிர் குறையக் கூடாது அவருக்கு. "சூரியனையே குடுத்தாலும் இந்த அண்ணன் சில்லுன்னு கொண்டுபோய்ச் சேர்ப்பாரு" என்று நர்ஸ்கள் கேலி பேசுவார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அவர் மனைவிக்கு பேக்கரியில் வேலை. கேக்கின் மேல் க்ரீமால் பெயர் எழுதுவது. கையெழுத்து என்றால் அப்படியொரு கையெழுத்து! பிறந்தநாள் பிள்ளைகள் தங்கள் பெயரை வெட்ட மனசு வராமல் ஓரத்திலிருந்தே தின்பார்களாம். அப்படிப்பட்டவளின் விரல்களில்தானா வந்து உட்கார வேண்டும், பாழாய்ப்போன முடக்குவாதம்? காலையில் டம்ளர் பிடிக்கவே இரண்டு கையும் தேவைப்பட்டது. முதலாளி நல்ல மனிதர், அவளைக் கல்லாவில் உட்கார வைத்தார். ஆனால் வேறொருத்தி கோணல்மாணலாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடிந்தால்தானே! தினமும் வீட்டுக்கு வந்து புலம்பித் தீர்ப்பாள்.

மாத்திரைக்கு வலி மசியவில்லை. புதிதாக ஓர் ஊசி இருக்கிறது, போட்டால் மறுபடி எழுதலாம் என்றார் மூட்டு டாக்டர். ஆனால் அது உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் அடக்கிவைக்கும். உள்ளே எங்காவது காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருந்தால், அதுதான் சமயமென்று எழுந்து ஆட்டம் போடும். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் ஊசி.

"வீட்ல யாருக்காவது டி.பி. இருந்துச்சா?"

அவர் தலை குனிந்தார். கல்யாணமான புதிதில் அவருடைய அப்பாவுக்கு இருந்தது. ஊட்டிவிட்டு, துப்பியதை அள்ளி, கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

ரத்தம் எடுத்த அன்று குழாய்களை நீட்டியபடி நர்ஸ், "அண்ணே, இதுக்கு மட்டும் ஐஸ்…" என்று ஆரம்பித்தாள்.

"ஐஸப் பத்தி எனக்கேவா பாடம் எடுக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு மனுஷர் கிளம்பியே விட்டார். மனைவியின் ரத்தமாயிற்றே! வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு ஐஸ் வைத்தார்.

முடிவு வந்தது. இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, 'சொல்ல இயலவில்லை'. லேப்பில் வேலை பார்க்கும் பெண்ணிடம் ஓடினார்.

"அண்ணே, இது மத்த டெஸ்ட் மாதிரி கிடையாது. ரத்தத்துல இருக்கற அணுவெல்லாம் உயிரோட இங்க வரணும். குழாய்ல அந்தக் கிருமியோட சாயல்ல கொஞ்சம் புரதம் தடவியிருக்கும். உடம்புச் சூட்டுல ஒரு ராத்திரி வெச்சா, ஏற்கெனவே கிருமியைப் பார்த்த அணு 'அட, இவனா!'ன்னு கூச்சல் போடும். அதைத்தான் அளக்கறோம். யார் ரத்தமா இருந்தாலும் கூச்சல் போட வைக்கற குழாய்னு ஒண்ணு இருக்கு. அதுலயே சத்தத்தக் காணோம். ஐஸ்ல வெச்சீங்களா?"

"ரெண்டு மடங்கு வெச்சேம்மா" என்றார்.

வீட்டில் உண்மையைச் சொன்னதும் அவள் முதலில் சிரித்தாள். "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து எனக்கு ஒரு தடவையாவது ஐஸ் வெச்சிருக்கீங்களா? வெச்ச ஒரே தடவையும் இப்படியா?" சிரிப்பு பாதியிலேயே நின்றது. "இன்னும் எத்தனை நாள் தள்ளிப் போகுமோ. என் கை இப்படியே போயிடுமோன்னு பயமா இருக்குங்க" என்று அழுதாள். அவரும் அழுதார்.

இரண்டாம் முறை பெட்டியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டார். துண்டு சுற்றி நிமிர்த்தி வைத்த குழாய்கள் தோள்பையில். குண்டும் குழியும் பார்த்து அவர் உருட்டிய உருட்டலில் சைக்கிள்காரர்கள்கூட முந்திப் போனார்கள். போகட்டுமே!

இந்தமுறை ரத்தம் கூச்சல் போட்டது. கிருமி இருந்தது. எங்கப்பா வியாதியை இவள் தலையில் கட்டிவிட்டேனே என்று அவர் இடிந்து போனார். டாக்டர் மார்பு எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துக் காட்டினார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு, இருமல் காய்ச்சல் எதுவும் இல்ல. கிருமி முழிச்சிருக்கா தூங்குதான்னு ரத்தம் சொல்லாது, அதுக்குத்தான் இது. தூங்கற கிருமி யாருக்கும் ஒட்டாது, தைரியமா வேலைக்குப் போகலாம். அந்தக் கிருமிக்கு மாத்திரை எழுதித் தரேன், ஒரு மாசம் ஒழுங்கா சாப்பிடட்டும், ஊசியை ஆரம்பிச்சிடலாம். ஆனா மாத்திரையை நடுவுல நிறுத்தக் கூடாது, முழுசா முடிக்கணும்."

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "உங்கப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போன சொத்து இது ஒண்ணுதான். அதையும் இந்த டாக்டர் பிடுங்கிக்கறாரே!"

சிலபேர் வீட்டில் இப்படித்தான் சிரிப்பு திரும்பி வருகிறது.

மாத்திரை முடிந்தது. ஊசி மெல்ல மெல்ல வேலை செய்தது. ஒரு நாள் சாயங்காலம் அவர் பேக்கரிக்குப் போனபோது மனைவி கல்லாவில் இல்லை. உள்ளேயிருந்து ஒரு கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள், தானே, தன் இரண்டு கையாலும். "மறுபடி எழுதின முதல் கேக்கு. வீட்டுக்கு. பெட்டியில ஐஸ் நிறைய வைங்க, க்ரீம் உருகிடும்."

வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தார். கேக்கின் மேல் 'ஐஸ்பெட்டி' என்று இருந்தது. முதல் எழுத்து மட்டும் லேசாக நடுங்கியிருந்தது. மற்றதெல்லாம் அதே பழைய கையெழுத்து.

"வெட்டுங்க" என்று கத்தியை நீட்டினாள்.

அவர் கத்தியை வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓரத்திலிருந்து ஒரு விள்ளல் எடுத்து அவள் வாயில் வைத்தார்.