அறுபத்தாறு கிலோவில் எத்தனை விரிப்பு

என் சித்தி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகத் துணி மடிக்கிறாள். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக் குனிய முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு காலாலேயே உதறிவிடுவாள்.

துணி உலர்ந்ததும் வார்டு வாரியாக மூட்டை கட்டி, எடை போட்டு, சீட்டு எழுத வேண்டும். மொத்த உருப்படி, மொத்த எடை. விரிப்பு எத்தனை, தலையணை உறை எத்தனை என்று பிரித்து எழுதவும் கட்டம் உண்டு. கூடத்தில் யாரும் அதை நிரப்புவதில்லை.

ஒரு நாள் காலையில் மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

"கீழ் வார்டுல தொண்ணூறு விரிப்பு குடுத்திருக்காங்க. எண்பத்துநாலுதான் திரும்பிப் போயிருக்கு. ஆறு எங்க?"

"மொத்தம் நூத்தியிருபது சரியா இருக்கே சார்."

"ஆறு உறையைச் சொருகிக் கணக்கைச் சரிக்கட்டியாச்சு. மத்தியானத்துக்குள்ள சொல்லு. இல்லன்னா உன் பேரை மேல எழுதி அனுப்பிடுவேன்."

பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்தவள், "அக்கா வீட்டுல கட்டிலே ஒண்ணுதான் சார், ஆறு விரிப்பை எங்க போடும்?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

எழுதி அனுப்பினால் வேலை போகும். திருடி என்ற பெயரோடு போகும். சித்தி முந்தின நாள் சீட்டுகளைத் தேடி எடுத்தாள். கீழ் வார்டு மூட்டை அறுபத்தாறு கிலோ. அதே மேசையில் கட்டிய மாடி வார்டு மூட்டை நூறு உருப்படி, நாற்பத்தெட்டு கிலோ. உலர்ந்த விரிப்பு எழுநூறு கிராம், உறை இருநூறு.

"நூறும் உறைன்னு வச்சுக்கோ," என்றாள் பக்கத்தவளிடம். "இருபது கிலோதான் வரணும். இருபத்தெட்டு கூட இருக்கு. ஒரு உறையை எடுத்துட்டு விரிப்பை வச்சா அரைக் கிலோ ஏறும். அப்ப விரிப்பு அம்பத்தாறு."

"அவங்க குடுத்தது?"

"அம்பது."

கீழ் வார்டுக்கும் அப்படியே போட்டாள். எண்பத்துநாலு வந்தது. கட்டும்போது இரண்டு மூட்டையின் கடைசி அடுக்குகளும், ஆறு விரிப்பும் ஆறு உறையும், இடம் மாறியிருந்தன. மாற்றியது அவள் கைதான்.

மேற்பார்வையாளர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாடி வார்டுக்கு ஃபோன் போட்டு எண்ணச் சொன்னார். ஐம்பத்தாறு.

"சரி, நீயே போய் மாத்திக் குடுத்துட்டு வா. லிஃப்ட் ஓடல."

உறைகளோடு நான்கு மாடி ஏறி, விரிப்புகளோடு இறங்கினாள்.

"பேரை எழுதலையே சித்தி, அது போதாதா?" என்றேன், அன்று மாலை வாசலில் சுவரைப் பிடித்து நின்று செருப்பை உதறியவளிடம்.

"எழுதியிருந்தா இந்நேரம் உக்காந்தாவது இருப்பேன்டி," என்றாள்.